விசேஷம் ஒன்றும் இல்லை

5 ஜூலை 2001, வியாழன்

பௌர்ணமி. வேங்கிக்காலிலிருந்து வந்த ஆட்டோ நகரவே இல்லை. பாதி வழியில் இறங்கி நடந்தேன். கிளினிக்கில் பெஞ்ச் நிறைய ஆண்கள். குழந்தைக்காக வைத்தியம் பார்க்க மாதம் முழுக்கக் கூப்பிட்டாலும் வராத புருஷர்கள், பௌர்ணமியன்று மட்டும் எப்படி? இன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டில் 'கிரிவலம் போறேன்' என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். இன்றைக்குத் திருவண்ணாமலை பஸ் ஏறுகிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இருபது வருட நர்ஸ் வேலையில் இது தெரியவில்லை. என்னைத்தான் சொல்லணும்.

தசரதன் என்று ஒருவர். போளூர் பக்கம், விவசாயம், கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டாவது பரிசோதனையிலும் அதேதான் — விந்தில் உயிரணு இல்லை. டாக்டரம்மா இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் பிரசவ அறைக்கு ஓடினார். தசரதன் எழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என் பேரப் பாத்தீங்களா சிஸ்டர்? நாலு புள்ள பெத்த ராஜா பேரு." சிரிக்கவும் செய்தார்.

கல்யாண வீடுகளுக்கே போவதில்லையாம். போனால் 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்று கேட்பார்களே.

"உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க சொல்லிடாதீங்க."

"நாங்க சொல்ல மாட்டோம். சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும்."

கிளம்பும்போதுதான் பதறினார். விபூதி இல்லாமல் வீட்டுக்கு எப்படிப் போவது? கோயிலில் மூன்று மணி நேர வரிசை. என் டிராயரில் இருந்த விபூதிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

19 ஜூலை

ஆண்கள் சாம்பிள் எடுக்கும் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் போட்டாச்சு. மூன்று வருடமாகக் கதவைக் காலால் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், பாவம்.

4 ஆகஸ்ட், சனி

பௌர்ணமி. தசரதன் வந்தார். முகமே சரியில்லை.

"நீங்க குடுத்த விபூதிய அம்மா தெனமும் என் வீட்டுக்காரி தேவிப்ரியா வயித்துல பூசறாங்க சிஸ்டர். ஆவணியில எனக்கு வேற பொண்ணு பாக்கப் போறாங்களாம். அவ எதிர்லயே சொல்றாங்க."

ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன். ஒரு ஆளோட மானத்தைக் காப்பாத்தறேன்னு பழிய ஒரு பொண்ணு தலையில கொண்டுபோய்க் கொட்டியிருக்கேனே.

அவரைத் திட்டத் தோன்றியது. திட்டவில்லை. என்னையும் சேர்த்தல்லவா திட்டவேண்டும்?

கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் கண்ணாயிரத்துக்கும் இதே குறைதான். இப்படி யாராவது வந்தால் பேசச் சம்மதம் என்று போன வாரம் சொல்லியிருந்தார். தசரதனிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு அவருக்குப் போன் போட்டேன், வந்துவிட்டார். ஸ்டோர் ரூமுக்கு வெளியே பெஞ்ச் போட்டு டீ சொன்னேன். அரை மணி நேரம் போர்வெல் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். பிறகு கண்ணாயிரம் சொன்னது காதில் விழுந்தது: "நான் வீட்ல சொல்லி ஏழு வருஷம் ஆச்சுங்க. இன்னும் சோறு போடறாங்க. என்ன, அன்னிக்கு ஒரு நாள்தான் உப்பு ஜாஸ்தி."

தசரதன் சிரித்த மாதிரி இருந்தது. போகும்போது பொட்டலம் கேட்டார்.

"இல்லீங்க. இனிமே தர மாட்டேன்" என்றேன். டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். தப்பு செய்துவிட்டேனா?

2 செப்டம்பர், ஞாயிறு

பௌர்ணமி. தசரதன் வரவில்லை. இந்நேரம் பெண் பார்த்திருப்பார்களா?

19 செப்டம்பர், புதன்

கூட்டமே இல்லாத நாள். ஊசி எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் தசரதன், பின்னால் ஒரு பெண்.

"வாங்க, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். எந்த ஆளிடம் எந்த வார்த்தை!

"விசேஷம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். வீட்ல சொல்லிட்டு வந்தேன்."

"எங்க போறதா?"

"இங்கதான். எதுக்குன்னும் சொல்லிட்டேன்."

அம்மா மூன்று நாளாகப் பேசவில்லையாம். பெண் பார்க்கப் போகவும் இல்லையாம். தேவிப்ரியா அழுத முகம். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இவ்ளோ நாள் இவரு தனியாவா சிஸ்டர் இங்க வந்தாரு?"

ஆமாம் என்றேன். இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

2 அக்டோபர், செவ்வாய்

பௌர்ணமி. காந்தி ஜெயந்தி, எங்களுக்கு லீவு. மாலை செங்கம் ரோட்டில் காய்கறி வாங்கப் போனேன். ரமணாசிரமம் பக்கம் கூட்டத்தில் தசரதனும் தேவிப்ரியாவும் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு கிளினிக் இல்லீங்களே" என்றேன்.

"தெரியும் சிஸ்டர். இன்னிக்கு நெஜமாவே கிரிவலம்தான்."