வெள்ளிக்கிழமை வந்த ராணி

பதுளை
22.06.2025

அன்பும் மரியாதையும் கலந்து நிரோஷன் அப்பாவுக்கு,

பாக்கியலெட்சுமி எழுதுவது. நான் சுகம். கண்ணுக்கு விட்டுவந்த சொட்டு மருந்தை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதிரே ஜாபிர் கடையின் பெயர்ப்பலகையை நம் வாசலில் நின்றே வாசிக்கிறேன். மெல்பேர்னில் இப்போது குளிர் என்று நிரோஷன் சொன்னான். கம்பளிச் சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள்ளுங்கள். மகனுக்கும் மருமகள் கம்சலாவுக்கும் பேத்திக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். அங்கே நீங்கள் போனை மேசையில் வைத்து வீடு முழுக்கக் கேட்கும்படி பேசுகிறீர்கள். இது மருமகள் காதில் விழ ஒரு மாமியார் பேசுகிற விஷயம் இல்லை. தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

மூன்று மாதம் என்று போனீர்கள். கண் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்திருந்ததால் நான் தங்கிவிட்டேன். மூன்று ஆறாயிற்று, ஆறு எட்டாயிற்று. பேத்தியின் முகத்தை விட்டு வர மனம் வராது, அது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஒருவருக்கு எது முக்கியம் என்று அறிய, அவர் முதலில் கேட்கிற கேள்வியைக் கவனியுங்கள் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வேன். சந்தைக்குள் நுழைந்ததும் தேங்காய் விலை கேட்கிறவர் வீட்டில் தேங்காய் இல்லை. அதே மாதிரி, ஆபரேஷன் முடிந்து நான் வீடு வந்த அன்று நீங்கள் போனில் கேட்ட முதல் கேள்வி, "ராணி சாப்பிட்டாளா?" இரண்டாவது, "தண்ணி வச்சியா?" கண்ணைப் பற்றிக் கேட்டது மூன்றாவதாக. ஒரு கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு, மற்றக் கண்ணால் உங்கள் ராணிக்குக் கரப்பான் பூச்சி தேடிக்கொண்டிருந்தேன் நான்.

அவள் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். பசறைத் தோட்டத்திலிருந்து உங்கள் அண்ணன் தம்பையா பலாக் கிளையை வெட்டி விறகாக அனுப்பினார். அந்த விறகுக்குள்ளிருந்து புலிமுகச் சிலந்தி ஒன்று வெளியே வந்தது. அப்போது என் உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். சாம்பலும் கறுப்பும் கலந்த மேனி, முன்கால்களை உயர்த்தினால் அடியில் பளீரென்று மஞ்சள். நான் விளக்குமாற்றை எடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த பொம்பளையை விரட்டக் கூடாது, பாக்கியம்" என்றீர்கள். அது பெண் என்று உங்களுக்கு யார் சொன்னது? வெள்ளிக்கிழமை சொன்னது! லெட்சுமி வந்துவிட்டாள் என்று கண்ணாடித் தொட்டி வாங்கி, அதன் நெற்றியில் குங்குமமும் வைத்தீர்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு லெட்சுமி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் நினைவு உங்களுக்கு வரவில்லை.

அது காட்டு உயிர், வீட்டில் வைக்கலாமா என்று விசாரியுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்! காலையில் என் கையால் தேநீர் வாங்குவதற்கு முன்னால் தொட்டியை எட்டிப் பார்ப்பீர்கள். என்னிடம் ஒரு நாளும் சொல்லாத வார்த்தையெல்லாம் அதனிடம் சொல்வீர்கள். "என்ன ராணி, இன்னிக்கு முகம் வாடியிருக்கு?" என்று கேட்டீர்களே, சிலந்தியின் முகம் வாடுவதைக் கண்டுபிடித்த ஒரே மனிதர் நீங்கள்தான். முப்பத்தொரு வருடத்தில் என் முகம் எத்தனை நாள் வாடியது என்று ஒரு கணக்கும் உங்களிடம் கிடையாது.

அது போதாது என்று பண்டாரவளை இஸ்ரா வேறு. சிலந்திகளை அடையாளம் காட்டும் போன் குழுவில் அந்தப் பெண்ணிடம் படம் அனுப்பி, "இஸ்ரா மகள் இப்படிச் சொன்னா, அப்படிச் சொன்னா" என்று வீட்டில் ஒரே பேச்சு. எட்டுக்காலிகளைப் பற்றி முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் அடுப்படியில் நிற்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், முதுகின் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். ஒரே உடுப்புப் போட்ட நாற்பது பிள்ளைகளை முதுகுப் பக்கம் பார்த்துப் பெயர் சொல்ல முடியுமா? இதற்குக் கால்களின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அது கண்ணாடியில் ஏறி ஒட்டியிருக்கும்போது வெளியே நின்று பார்த்தால் பட்டைகள் எல்லாம் தெரியும்.

இனி நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் எட்டாம் திகதி நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "ராணி அடுத்த தடவை தோல் கழட்டுறப்ப நான் பக்கத்துல இருக்கணும். டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கேன்" என்றீர்கள். எட்டு மாதத்தில் உங்கள் வாயில் டிக்கெட் என்ற சொல் வந்தது அன்றுதான். என் கண்ணுக்காக வரவில்லை, பொங்கலுக்காக வரவில்லை, சித்திரை வருடப்பிறப்புக்காகவும் வரவில்லை. சிலந்தி தோல் கழட்டுவதைப் பார்க்க வருகிறீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் எப்படியாவது வந்தால் போதும் என்று இருந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் பார்க்கிறேன், பழைய தோல் ஒரு கையுறை மாதிரிக் கீழே கிடக்கிறது. புதுக் கால்களோடு அது மேலே தொங்குகிறது. அன்று நீங்கள் கூப்பிட்டுக் கேட்டீர்கள். இன்னும் கழட்டவில்லை என்று சொன்னேன். வாழ்க்கையில் பரீட்சைத் தாளில் அரைப் புள்ளிகூடப் பொய்யாகப் போடாதவள், உங்களிடம் ஆறு வாரம் ஒரே பொய்யைச் சொன்னேன். தோல் கழட்டியாயிற்று என்று தெரிந்தால் டிக்கெட்டை விட்டுவிடுவீர்கள் என்ற பயம்தான்.

அந்த நாட்களில்தான் புதுக் கண்ணால் அதைச் சரியாகப் பார்த்தேன். உடம்பு ஒட்டிப் போய், கால்கள் மட்டும் நீண்டிருந்தன. வாயருகே கால் மாதிரி இரண்டு சிறிய உறுப்புகள் இருக்குமல்லவா, அவற்றின் நுனி குத்துச்சண்டைக்காரன் கையுறை போட்டது மாதிரி உருண்டிருந்தது. பெண்ணுக்கு அப்படி வராது. பழைய தோலை வெந்நீரில் ஊற வைத்து விரித்தும் பார்த்தேன். பெண்ணுக்கு வயிற்றின் உட்புறம் இருக்க வேண்டிய பை அதில் இல்லை. உங்கள் ராணி ஆண்பிள்ளை.

சிரித்தேன். தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் கர்வத்தோடு இஸ்ராவுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் எடுத்தாள் அந்தப் பிள்ளை. "டீச்சர், நான் அங்கிள்ட்ட அப்பவே சொன்னேன், தோல் வந்தாத்தான் ஆணா பெண்ணான்னு சொல்லலாம்னு. அவர்தான் வெள்ளிக்கிழமை வந்துச்சு, பெண்தான்னு அடிச்சுச் சொன்னார்" என்றாள். இருபத்து மூன்று வயதாம். என்ன மரியாதையாகப் பேசுகிறாள்! அவளை நினைத்து இரண்டு வருடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததற்கு வெட்கப்பட்டேன். நிறைய இல்லை, கொஞ்சம்.

அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். வளர்ந்த ஆண் பெரும்பாலும் இனித் தோல் கழட்டாது. ஒரு வருடம் இருந்தால் அதிகம். பெண்ணைத் தேடி அலைய வேண்டிய காலம் இது, எங்கிருந்து வந்ததோ அங்கேயே விட்டுவிடுங்கள் என்றாள். அவள் சொன்னது கண்முன்னே நடந்தது. போட்ட பூச்சியைத் தொடவில்லை. பொழுது சாய்ந்தால் கண்ணாடியின் நான்கு மூலையிலும் ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. விழுகிற சத்தம் எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. தொட்டியில் அது இருக்கும்வரை நீங்கள் வருவீர்கள். உங்களை வரவழைக்க அதை எத்தனை நாள் விழ வைப்பது?

நேற்று ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் துளை போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு பசறை பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, "பலகாரமா டீச்சர்? நல்லா பத்திரமாப் பிடிச்சிருக்கீங்களே" என்றார். ஆமாம் என்றேன். வளைவுக்கு வளைவு அவர் என் மேல் சாய, நான் டப்பாவைத் தூக்கிப் பிடிக்க, போய்ச் சேர்வதற்குள் என் உயிர் பாதியாகிவிட்டது. உங்கள் அண்ணி பூவம்மா அக்கா தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "புருசன் அந்நிய நாட்டுல, பூச்சி மடியில. நல்லா இருக்குடி உன் குடித்தனம்" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

லயத்துக்குப் பின்னால் அந்தப் பலா மரம் இன்னும் நிற்கிறது. வெட்டிய கிளைக்குப் பக்கத்தில் பொந்து இருக்கிறது. மூடியைத் திறந்து மரத்தோடு சேர்த்துப் பிடித்தேன். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு ஒரு காலை வைத்தது, அடுத்ததை வைத்தது, மேலே ஏறிப் போய்விட்டது. உங்களுக்காக நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. காலி டப்பாவை மூடி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

கோபப்படுவீர்கள். படுங்கள். உங்களிடம் கேட்காமல் செய்தது தப்பு. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

ஆக, வீட்டில் இப்போது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. தோல் கழட்ட யாரும் இல்லை. நான் ஒருத்திதான் இருக்கிறேன். டிக்கெட் வேண்டாம் என்று தோன்றினால் மகனிடம் சொல்லிவிடுங்கள், ஏன் என்று நான் கேட்க மாட்டேன். வருவதாக இருந்தால் எந்த நாள் என்று மட்டும் எழுதுங்கள். பஸ் நிலையத்துக்கு நானே வந்து நிற்கிறேன். நீங்கள் இறங்கும்போது எதிரே நிற்பது நான்தான் என்று தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்,
பாக்கியலெட்சுமி