'எங்களைப் பற்றி' என்றொரு பக்கம்

மகளுக்கு அம்மா எழுதுவது.

உறையைப் பார்த்ததும், இந்தக் காலத்தில் யார் தபாலில் எழுதுகிறார்கள் என்று சிரித்திருப்பாய். சிரிக்காதே. போனில் பேசினால் நடுவில் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், கடைசியில் யார் யாரைச் சமாதானப்படுத்தினோம் என்றே தெரியாமல் போனை வைத்துவிடுவோம். இந்தத் தடவை அப்படி விடுவதாக இல்லை. நான் பேசி முடிக்கும்வரை நீ குறுக்கே பேசக்கூடாது. அதற்குத் தாள்தான் சரி.

நம் கடையின் இணையதளத்தில் நீ எழுதி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டேன்.

யாரால் தெரிந்தது என்று கேள். எலாஸ்டிக் கொண்டுவந்து போடும் நூல்காரரால். எட்டு வருஷமாக ஒவ்வொரு ரோலுக்கும் என்னோடு மல்லுக்கு நிற்கிற மனிதர். போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு விலை சொன்னதும், "நீங்க சொன்னா சரிதான்க்கா" என்று ரோலை மேஜைமேல் வைத்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதாவது அழுகல் சரக்கைத் தலையில் கட்டுகிறாரோ என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன். சரக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் கண்தான் சரியில்லை. ஒரு நொடி என் மார்புக்கு வந்தது, சட்டென்று தரைக்குப் போய்விட்டது. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறார்! ஒரு பக்கத்து மார்பை எடுத்த ஆபரேஷன் ஆகி ஒன்பது வருஷம். பஞ்சுத் திண்டு வைத்து, அடியில் எடைக்குக் கண்ணாடி மணி போட்டு, யாருக்கும் தெரியாதபடி எனக்கு நானே உள்பாடி தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதைத்தானே மற்றவர்களுக்கும் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன்.

அவர் போனதும், கொக்கி தைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தாமலே உட்கார்ந்திருந்த பட்டன் அக்காவைப் பிடித்து உலுக்கினேன். "ஒனக்குத் தெரிஞ்சுதான் ஒம்பொண்ணு போட்டிருக்கான்னு நெனச்சேன்" என்று போனை நீட்டினாள்.

'இழந்ததைத் தைத்துத் தருகிறார் எங்கள் அம்மா.' இதுதான் தலைப்பு. நான் எதையும் இழந்துவிட்டதாக உன்னிடம் எப்போது சொன்னேன்? கட்டியை வெட்டி எடுத்தார்கள், நான் எழுந்து வேலைக்கு வந்தேன். அவ்வளவுதான். அதற்குக் கீழே என் படம். முடியெல்லாம் கொட்டி, துணியைச் சுற்றிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கிறேன். அன்றைக்கு நீ நர்ஸ் மாதிரி நடந்து காட்டியதற்காகச் சிரித்தது அது. உனக்குச் சிரித்த சிரிப்பை ஊருக்கு எப்படியடி காட்டினாய்?

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் நீதான் உட்கார்ந்து காட்டினாய். நம் கடை, பெரிய தெருவில் முகப்பெல்லாம் கண்ணாடி போட்ட அந்தத் துணிக்கடை, ஆஸ்பத்திரி வாசலில் கடை போட்டிருப்பவர்கள், மூன்று பேர் இணையப் பக்கத்திலும் 'தரமே எங்கள் அடையாளம்' என்று ஒரே வரி. மூன்று பக்கத்திலும் ஒரே பெண் ஒரே மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். இவள் எத்தனை கடையில்தான் வேலை பார்க்கிறாள் என்று நானே கேட்டேன். "எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா நம்மகிட்ட ஏம்மா வருவாங்க? நம்மகிட்ட மட்டும் என்ன இருக்குன்னு சொல்லணும்" என்றாய். நியாயம்தான். அதற்காகத்தான் தையலின் உட்பக்கத்தையும், திண்டு நுழைக்கும் உள்பையையும், மூன்று வரிசைக் கொக்கியையும் படம் பிடித்து அனுப்பினேன். அதையெல்லாம் கடைசியில் தள்ளிவிட்டு என்னை முன்னால் வைத்திருக்கிறாய். என் கையைக் காட்டச் சொன்னால் என் காயத்தைக் காட்டியிருக்கிறாய்.

ஆர்டர் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. ஆமாம். மறுக்கவில்லை. பட்டன் அக்கா வீட்டுக்கும் எடுத்துப்போய்த் தைக்கிறாள். அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

இன்னொன்றும் நடந்தது. உனக்குச் சாதகமான விஷயம், அதனால் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை ஒரு ஸ்கூல் டீச்சர் வந்தாள், நாற்பது வயது இருக்கும். இரண்டு பஸ் மாறி வந்தவள் கடை வாசலிலேயே கால் மணி நேரம் நின்றாள். அளவெடுக்கிற அறைக்குள் போய்த் திரையை மூடியதும், நாடாவை எடுக்கவே விடவில்லை. "உங்களப் பத்திப் படிச்சுட்டுத்தான் வந்தேன். இல்லன்னா வந்திருக்கவே மாட்டேன். ஆறு மாசமா கண்ணாடி பாக்கல. உங்களோடத ஒரு தடவ பாக்கலாமா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு நாடாவை வீசியிருப்பேன். உன்னை நினைத்துத்தான், அவளை இல்லை. ஆனால் அவள் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொள்வதைப் பார்த்தேன். பட்டனைக் கழற்றிக் காட்டினேன். டாக்டரையும் உன்னையும் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். "இவ்ளோதானா?" என்றாள். பிறகு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். போகும்போது நிமிர்ந்துதான் போனாள். உன்னைத் திட்ட எனக்கிருந்த நியாயத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போனாள். அதனால் உன்மேல் கோபம் இன்னும் கூடிப்போனது.

அவள் கேட்டாள், நான் காட்டினேன். நீ கேட்கவில்லை. இந்த வித்தியாசம் உனக்குப் புரியவில்லை என்றால் படித்த படிப்பெல்லாம் வீண்.

மறுநாள் அந்தக் கண்ணாடிக் கடைக்கு நானே வாடிக்கையாளர் மாதிரி போய்ப் பார்த்தேன். 'முழு அந்தரங்கம் உறுதி' என்று அவர்கள் தளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, பார்ப்போம் என்று. பில் போடுகிற அம்மாள் இருந்த இடத்திலிருந்தே, கடை முழுக்கக் கேட்கும்படி, "எந்தப் பக்கம் மேடம்?" என்றாள். துணி எடுக்க வந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உடம்பு கூசிவிட்டது. ஆனால் நம்மிடம் மட்டும் என்ன இருக்கிறது என்பது அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வந்து உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

அந்தப் படத்தையும் தலைப்பையும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எடுத்துவிடு. பதிலாக இதைப் போடு, ஒரு எழுத்தும் அலங்காரம் பண்ணாதே. 'எங்கள் கடையில் எந்தப் பக்கம் என்று யாரும் சத்தமாகக் கேட்க மாட்டோம். அளவெடுக்கும் அறையில் திரை முழுதாக மூடும், உள்ளே ஒரு பெண் மட்டும் வருவார். பார்சலின்மேல் கடையின் பெயர் இருக்காது. ஒரு தோள் தூக்கினாலும், ஓரம் உறுத்தினாலும் திருப்பி அனுப்புங்கள், சரியாகும்வரை பிரித்துத் தைப்போம்.' அதோடு திரையின் படம், உள்பையின் படம். என்னைப் பற்றி ஒரே வரி போதும்: 'தைப்பவருக்கும் இது தெரியும்.' புரிய வேண்டியவளுக்கு அது புரியும். அந்த டீச்சர் மாதிரி ஒருத்தி கேட்டால், என்ன காட்டலாம் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடை விஷயம் இத்துடன் முடிந்தது. இனி எழுதப்போவதற்குத்தான் கை ஓடமாட்டேன் என்கிறது.

போன மாதம் ஒருநாள், ஏதோ பேச்சுக்கு நடுவில், "கட்டி இருக்கறது ஒனக்கு மொதல்ல எப்படிம்மா தெரிஞ்சுது? வலிச்சுதா, இல்ல கைக்கு மட்டும் தட்டுப்பட்டுதா?" என்று கேட்டாய். எதற்குக் கேட்கிறாய் என்றேன். "சும்மா, வெப்சைட்டுக்குத்தான்" என்றாய். நானும் துணி வெட்டிக்கொண்டே விவரமாகச் சொன்னேன். நீ எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்துவிட்டேன். முடி கொட்டியது இருக்கிறது, மெஷின் வாங்கியது இருக்கிறது. நீ கேட்ட அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒவ்வொரு பெண்ணும் வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மட்டும் கடைசியில் எழுதியிருக்கிறாய். நீ போனாயா? நேற்று மாப்பிள்ளையிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "அவளுக்கு எங்க அத்தை நேரம்? பகல் முழுக்கக் கம்ப்யூட்டர்லயே கெடக்கா" என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. அது மட்டும் எனக்குப் புரிந்தது.

என் உடம்பை ஊரே படிக்கும்படி எழுதத் தெரிந்தவளுக்கு, தன் உடம்பைப் பற்றி அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லையா?

இந்த வாரமே போ. அடுத்த மாதம் என்று சொல்லாதே, நானும் அப்படித்தான் நாலு மாதம் தள்ளினேன். தனியாகப் போகாதே, மாப்பிள்ளையிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போ. அவரிடம் சொல்லப் பயமாக இருந்தால் என்னை வா என்று சொல். மெஷினுக்கு உறை போட்டுவிட்டு மறுநாளே வந்து நிற்பேன். வந்து ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்.

நன்றாக இரு. நீ நன்றாக இருந்தால்தான் நான் உன்மேல் கோபமாகவாவது இருக்க முடியும்.

அம்மா