எப்போதிலிருந்து இப்படி?

பிப்ரவரி 9

அன்புள்ள டீச்சருக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன வாரம் தையல் கடையில் கோட்டுத் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்துவிட்டேன். ஸ்கேன் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால், மூளையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்ள சவ்வில் ஒரு கட்டி. முதலில் வழக்கமாக வரும் சவ்வுக் கட்டி என்றார்கள். இப்போது பெரிய டாக்டர், உள்ளே சுண்ணாம்புப் பொட்டுகள் தெரிகின்றன, குருத்தெலும்புக் கட்டியாக இருக்கலாம் என்கிறார். காதுமடலில் இருக்கிறதே, அதே சரக்கு. மண்டைக்குள் அது எப்படி முளைத்தது என்று அவருக்கே தெரியவில்லை. "ரொம்ப அபூர்வம்ங்க" என்கிறார், எனக்கு ஏதோ லாட்டரி அடித்த மாதிரி.

சாதுவா, புற்றா என்பது எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. வருடக்கணக்கில் மெதுவாக வளர்ந்திருந்தால் சாது என்று நம்பலாமாம். அந்த இடத்தில் கட்டி அழுத்தினால் ஆள் மந்தமாகிவிடுவானாம். "எப்போலேர்ந்து இப்படி மந்தமா இருக்கீங்க?" என்று கேட்டார். நான் மந்தம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "வீட்டுக்காரியைத்தான் கேக்கணும்" என்றேன். நீ வீட்டை விட்டுப் போனதையும், விவாகரத்துப் பத்திரம் என் மேஜையில் கிடப்பதையும் சொல்லவில்லை. எழுதுவாயா?

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 15

மகளின் அப்பாவுக்கு,

கடிதம் பார்த்து ஆடிப்போய்விட்டேன். வக்கீலிடம் சொல்வதற்காக மனதில் அடுக்கி வைத்திருந்த குறைகளையெல்லாம் இப்போது டாக்டருக்கு எழுதுகிறேன்.

மகள் பத்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தபோது "ம்" என்றீர்கள். அத்தோடு சரி. அதற்கு முந்தைய வருடம் என் அப்பா இறந்த அன்று நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுதது உங்கள் காதில் விழவே இல்லை. வாய் ஓயாமல் கிண்டலடிக்கிற மனிதர் எப்போது அடங்கினார் என்று யோசித்தால், மகள் ஏழாம் வகுப்புக்குப் போன வருடம். பத்து வருடத்துக்கு மேல் என்று சொல்லுங்கள். நான் அதைத் திமிர் என்றேன், நீங்கள் வயசு என்றீர்கள். டாக்டரிடம் போக இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது என்றால், நான் இன்னும் கொஞ்ச காலம் கஷ்டப்பட்டிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

மகளின் அம்மா


மார்ச் 20

அன்பு டீச்சருக்கு,

நீ எழுதியதை டாக்டர் இரண்டு தடவை படித்தார். "இத்தனை வருஷமாவா? அப்ப நல்லதுதான்" என்றார். நல்லதாம்!

ஆபரேஷன் முடிந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். சாதுதான் என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டாம், வருடத்துக்கு ஒரு ஸ்கேன் போதும். நான் பேசப் பேச மகள் அழுகிறாள். நர்ஸம்மா, "கொஞ்சம் வாயை மூடுங்க, தையல் பிரிஞ்சிடும்" என்கிறார். தையலைப் பற்றி என்னிடமே பாடம்!

அது நான் இல்லை, டீச்சர். கட்டி. வீட்டுக்கு வா.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 2

மகளின் அப்பாவுக்கு,

சாதுக் கட்டி என்று படித்ததும் ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம். பிறகு நர்ஸம்மாவை நினைத்துச் சிரித்தேன். நான் கல்யாணம் செய்துகொண்டவர்தான் அதை எழுதியிருக்கிறார். அவருக்காக எவ்வளவோ காத்திருந்தேன். இப்போது வந்திருக்கிறார், எனக்குத்தான் எழுந்துபோய்க் கதவு திறக்கத் தெம்பில்லை.

கோபம் இருந்த வரை அதைப் பிடித்துக்கொண்டு நடமாடினேன். யார் மேலும் தப்பில்லை என்று ஆன பிறகு களைப்பு மட்டும்தான் மிச்சம். அந்த வருடங்கள் உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டன. எனக்கு ஒவ்வொன்றும் தெரிந்தே நடந்தது.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அடுத்த வருட ஸ்கேனுக்கு மகளைக் கூட்டிப் போங்கள், முடிவை அவள் எனக்குச் சொன்னால் போதும்.

பேச்சை மட்டும் குறைத்துவிடாதீர்கள். அப்பா பேசுவார் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

மகளின் அம்மா