மண்டியாக்காரன் தந்த மானிட்டர்

14 அக்டோபர் 2024, திங்கள்

தசரா விடுமுறை முடிந்து இன்றுதான் மருமகள் ஸ்பூர்த்தி வேலைக்கு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் உள் அறையிலிருந்து, “அய்யோ சிவனே!” என்று சத்தம். அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். லேப்டாப் நன்றாகத்தான் எரிகிறது. பக்கத்தில் நிற்கிற பெரிய மானிட்டர் மட்டும் கறுப்பு. நடுவில் ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை.

“என்னம்மா சொல்லுது?”

“சிக்னல் இல்லேங்குது அத்தே. லேப்டாப்புக்கு இப்படி ஒண்ணு பக்கத்துல இருக்கறதே தெரியல.”

ஸ்கூல் கட்டடம் ஒன்றுக்கு பிளான் வரைகிறாள். அது அந்தச் சின்னத் திரையில் முழுசாகத் தெரியாதாம். 21ஆம் தேதி திங்கட்கிழமை பெங்களூரு கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும்.

மானிட்டர் யார் கொடுத்தது? மண்டியா ஊரில் கடை வைத்திருக்கிற அவள் தம்பி. கௌரி பண்டிகைக்கு ஊரில் எல்லாத் தம்பிகளும் அக்காவுக்குச் சேலை கொண்டுவருவார்கள். இந்த மண்டியாக்காரன் தன் ஜெராக்ஸ் கடையில் கிடந்த பழைய பெட்டியைக் கொண்டுவந்தான். செப்டம்பர் 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு மாசம் ஓடியது. செத்தது.

எனக்கு ஆச்சரியமே இல்லை.

15 அக்டோபர், செவ்வாய்

மகன் மாதேஷ் பஸ் டிப்போ வேலையிலிருந்து வரும்போது புது ஒயர் வாங்கிவந்தான். மாட்டினார்கள். கறுப்பு. கழற்றி, இந்தத் தலையை அங்கே, அந்தத் தலையை இங்கே மாற்றிச் செருகினார்கள். கறுப்பு. ரெண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் வருமாம். வரவில்லை. எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து, மறுபடி போட்டார்கள்.

நான் வாசற்படியில் அவரைக்காய் உரித்துக்கொண்டே, “கடையில போணியாகாததைத்தானே கொடுப்பான்” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். காதில் விழுகிற மாதிரி மெதுவாக.

ஸ்பூர்த்தி போனை எடுத்தாள். “ஏண்டா, ஓடாததைத் தலையில கட்டினியா? எங்க அத்தே முன்னாடி எனக்கு மானம் போகுது” என்று தம்பியைக் கத்தினாள். அவன் என்னவோ சொல்லச் சொல்ல வைத்துவிட்டாள்.

ராகி உருண்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். எனக்கும் அப்புறம் இறங்கவில்லை. ஆனாலும் நான் சொன்னதில் என்ன பொய்? 2016 மே 15, ஞாயிற்றுக்கிழமை, கல்யாணப் பந்தி. மாப்பிள்ளையைப் பெற்றவள் நான் இன்னொரு ஒப்பட்டுப் போளி கேட்டேன். பரிமாறிக்கொண்டிருந்த அவன், “மீதியைச் சம்பந்தி விருந்துல சாப்பிட்டுக்கலாம்” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். பக்கத்து இலையில் என் நாத்தனார் சிரித்தாள். அந்த நாளிலிருந்து அவன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை.

16 அக்டோபர், புதன்

இன்றைக்குக் கம்பெனியிலிருந்து எவனோ ஒருவன் போன் வழியாகவே லேப்டாப்புக்குள் புகுந்துவிட்டான். இவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே அம்புக்குறி தானாக ஓடுகிறது. மானிட்டரை ஓட்டுகிற எதையோ அழித்தான், திரும்பப் போட்டான். நாலு தடவை அணைத்து எழுப்பினான். கடைசியில் ஹிந்தியில் என்னவோ சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பிறகு மேனேஜர் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மரியாதையான குரல்தான். “வீட்டுல வசதி சரியில்லேன்னா பரவாயில்லம்மா, நவம்பர் ஒண்ணாம் தேதியிலேருந்து பெங்களூரு ஆபீசுக்கே வந்துடுங்க. திங்கட்கிழமை பிளான் வரட்டும், பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

சாயங்காலம் மாதேஷும் அவளும் உள்ளே பேசியது கேட்டது. டிரான்ஸ்ஃபர் கேட்கலாம் என்கிறான். குழந்தை பூர்வியை அங்கேயே ஸ்கூலில் சேர்க்கலாம் என்கிறாள்.

“அம்மா?”

“உங்கம்மா நஞ்சன்கூட்டை விட்டு வருவாங்களா?”

நான் எழுந்து போய், “வருவேன்” என்று சொல்லவில்லை. வரமாட்டேன்தானே? நாலு பேர் இருக்கிற வீட்டிலேயே மத்தியானம் சுவர்க்கடிகாரச் சத்தம் கேட்கிறது. ஒற்றை ஆளாக இருந்தால்?

எல்லாம் அந்த மண்டியாக்காரனால்.

17 அக்டோபர், வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல.

காலையில் ஸ்பூர்த்தி எதிர்வீட்டு டீச்சரின் லேப்டாப்பை ஒரு நிமிஷத்துக்குக் கேட்டு வாங்கிவந்தாள். அதே மானிட்டர், அதே ஒயர். செருகின உடனே பளிச்சென்று வெளிச்சம். டீச்சர் வீட்டு நாய்க்குட்டியின் படம், ஆள் உயரத்துக்கு.

“மானிட்டர்ல குத்தமில்ல அத்தே. என் லேப்டாப்புலதான். ஒயர் செருகற பொந்து போயிருக்கு.” என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “பாவம் தம்பி, சும்மா திட்டிட்டேன்.”

பொந்து என்றாள். என் கண் லேப்டாப்பின் பக்கவாட்டுக்குப் போனது.

என் ஞாபகத்தைப் பற்றி ஊரே பேசும். அது மற்றவர்கள் செய்ததை வைத்துக்கொள்கிற ஞாபகம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நான் செய்தது ஆறு நாளாக எங்கே போய் ஒளிந்திருந்தது?

வெள்ளிக்கிழமை, அக்டோபர் 11. ஆயுத பூஜை. அரிவாள்மணை, மிக்ஸி, மாதேஷின் ஸ்பேனர் பெட்டி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். ஸ்கூட்டருக்குப் பூசணிக்காய் உடைத்தது மாதேஷ். சந்தனத்தில் குங்குமத்தைக் குழைத்த கிண்ணம் என் கையில். கடைசியாக லேப்டாப். மூடி வைத்திருந்தது. விரலை நீட்டினவள் நிறுத்தினேன். ஏனென்றால் போன வருஷம், 2023 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மூடியின் நடுவில் அழகாக வைத்தேன். அடுத்த நாள் காலையில் என் கண்ணெதிரே ஈரத்துணியால் துடைத்தாள். “கறை பிடிச்சுக்கும் அத்தே” என்று ஒரு சிரிப்பு வேறு. சாமி பொட்டைத் துடைக்கிறவள்!

அதனால் இந்த வருஷம் அவள் கண்ணில் படாத இடமாகப் பார்த்தேன். விலாவில் வரிசையாகச் சின்னச் சின்ன வாய்கள். அதில் அகலமான ஒன்றில் சுண்டுவிரல் நுனியால் வைத்து, நன்றாக அழுத்தி, உள்ளே தள்ளினேன். இனிமேல் எப்படித் துடைப்பாய் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே தள்ளினேன். பூஜை நேரத்தில் நினைத்த நினைப்பு அது.

அதே பொந்துதான். இன்றைக்குப் பார்த்தேன், அதில்தான் ஒயரைச் செருகுகிறாள்.

சொல்லிவிடலாம். சொன்னால்? வேண்டுமென்றே பண்ணினீங்க என்பாளோ? பாதி உண்மைதானே.

18 அக்டோபர், வெள்ளி

அவள் குளிக்கப் போன நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பாகக் காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஊசி எடுத்தேன். உள்ளே சின்னச் சின்னப் பல் மாதிரி என்னவோ மஞ்சளாக மின்னியது. அதில் ஒன்று ஒடிந்தால்? ஊசியை இரவிக்கையிலேயே குத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

மைசூரில் கடைக்குப் போன் பண்ணிக் கேட்டாளாம். லேப்டாப்பை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம். ஒரு வாரம் விட்டால் எதில் வரைவாள்? மூக்கு இடிக்கிற மாதிரி சின்னத் திரையில் குனிந்து வரைகிறாள். பெரிசாக்கினால் ஒரு ஜன்னல்தான் தெரிகிறது, சின்னதாக்கினால் எழுத்து தெரிவதில்லை. சாயங்காலம் ஒரு படிக்கட்டு நேராகக் கழிப்பறைக் கதவில் போய் முட்டுகிற மாதிரி வந்துவிட்டது. ஸ்கூல் பிள்ளைகள் எப்படி இறங்குவார்கள் என்று அவளே சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். கண் ரெண்டும் செக்கச் சிவப்பு.

கீரை வேகவைத்த தண்ணியில் உப்புசாறு வைத்துக் கொடுத்தேன். “நீங்க ஏன் அத்தே இப்படி முகத்தை வெச்சுக்கிட்டிருக்கீங்க? உடம்பு சரியில்லையா?”

ஆமா என்றேன்.

19 அக்டோபர், சனி

போன் பண்ணிவிட்டேன். அவளுக்கு இல்லை. மாதேஷுக்கு இல்லை. மண்டியாக்காரனுக்கு.

எனக்குத் தெரிந்து அந்தப் பெட்டிகளைப் பிரித்து மூடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். என் தலையெழுத்து. மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்று பேசினேன்.

“யாரு?”

“நஞ்சன்கூட்டுலேருந்து. ஸ்பூர்த்தியோட அத்தே.”

“யாருக்கு என்ன ஆச்சு? அக்காவுக்கா? மாமாவுக்கா? சொல்லுங்கம்மா!” என்று அலறினான். எட்டு வருஷம் பேசாதவள் கூப்பிட்டால் சாவுச் செய்தி என்றுதானே நினைப்பான்.

“யாரும் சாகலப்பா. லேப்டாப்தான்.”

சொன்னேன். கிண்ணம், சுண்டுவிரல், அழுத்தினது எல்லாம். துடைக்கக்கூடாது என்றுதான் உள்ளே வைத்தேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. கேள்விதான் கேட்டான். “ஈரமா இருந்துதா? அப்போ லேப்டாப் அணைஞ்சிருந்ததா? ஊசி கீசி விட்டு நோண்டினீங்களா?”

“எடுத்தேன். விடல.”

“பிழைச்சோம். யாரும் தொடாதீங்க. நாளைக்குக் கடையை மூடிட்டு வர்றேன்.”

“ஸ்பூர்த்திக்கு...”

“நான் என்னத்துக்குச் சொல்றேன்?” என்றான்.

வருவானா? மானிட்டரை நான் பேசின பேச்சுக்கு நானாக இருந்தால் வரமாட்டேன்.

20 அக்டோபர், ஞாயிறு

விடிந்ததிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். பருப்பை வேகவைத்து வெல்லம் போட்டுக் கிளறினேன். “இன்னிக்கு என்ன விசேஷம் அத்தே, ஒப்பட்டு?” என்றாள். கேட்காத மாதிரி மாவைப் பிசைந்தேன்.

பத்தரைக்கு வந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருப்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன். அக்காவைப் பார்த்ததும், “என் மானிட்டரையா குப்பைன்னு சொன்னே? கோர்ட்டுல சந்திக்கலாம்” என்றான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி.

ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தான். லேப்டாப்பின் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி பேட்டரி இணைப்பைப் பிரித்தான். குப்பியிலிருந்த ஸ்பிரிட்டில் பிரஷ்ஷைத் தோய்த்து அந்தப் பொந்தில் விட்டான். பொறுத்திருந்தான். மறுபடி. காது குடைகிற பஞ்சுக்குச்சியைப் பிரித்து, நுனியை மெலிசாக்கி உள்ளே விட்டு எடுத்தான். சிவப்பு. இன்னொன்று. சிவப்பு. ஒவ்வொன்றையும் உடனே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். நான் சுவரைப் பிடித்து நின்றேன். என் அம்மா தேவரசனஹள்ளியில் செத்த அன்றைக்குக்கூட இப்படி நின்றதில்லை.

“என்னடா அது?” என்று கேட்டாள்.

“தூசி. உங்க நஞ்சன்கூட்டுத் தூசி. இங்க மண்ணே சிவப்புதானே.”

ஒரு குச்சி பையில் விழாமல் தரையில் விழுந்துவிட்டது. அவள் குனிந்து எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். சந்தன வாசனை எனக்கே அங்கிருந்து வந்தது, அவளுக்கு வராதா? குப்பைக்கூடையில் போட்டாள்.

ஒயரின் தலையையும் துடைத்தான். அரை மணி நேரம் காயவிட்டான். மாட்டினான். கறுப்பு. எடுத்து, ஊதி, நேராகப் பார்த்து மறுபடி செருகினான்.

வந்தது. ஸ்கூல் முழுசும், படிக்கட்டு, கதவு, விளையாட்டு மைதானம், திரை முழுக்க நீலக்கோடு. பூர்வி கைதட்டினாள். நான் அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன். வெங்காயம்கூட உரிக்கவில்லை, சாக்குச் சொல்ல.

சாப்பாட்டில் கேட்காமலே அவன் இலையில் ரெண்டாவது ஒப்பட்டு வைத்தேன். மூன்றாவதும் வைத்தேன்.

“போதும்மா!”

“கல்யாணத்துல எனக்கு ஒண்ணோட நிறுத்தினியே, ஞாபகமிருக்கா?”

முழித்தான். நிஜமாகவே முழித்தான். “நானா? எப்போ?”

எட்டு வருஷம். நான் மட்டுமே தூக்கிச் சுமந்திருக்கிறேன். அவன் தலையில் அது ஒரு தூசியாகக்கூட இல்லை. அதற்காகவும் ஒரு கோபம் வந்தது. நெய் ஊற்றினேன்.

21 அக்டோபர், திங்கள்

மத்தியானம் மூணு மணிக்கு அனுப்பிவிட்டாள். படிக்கட்டைத் திருத்தித்தான்.

24 அக்டோபர், வியாழன்

மேனேஜர் பேசினாராம். மாதேஷிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: “பிளான் பிடிச்சிருக்காம். வீட்டுலேருந்தே பண்ணுங்கன்னுட்டாங்க.” என் பக்கம் திரும்பி, “உங்களுக்குச் சந்தோஷமா அத்தே?” என்றாள்.

எனக்கென்ன என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

1 நவம்பர், வெள்ளி

கன்னட ராஜ்யோத்சவம். தெருவெல்லாம் கொடி. யாரும் எங்கேயும் போகவில்லை.

1 அக்டோபர் 2025, புதன்

ஆயுத பூஜை. இந்த வருஷம் லேப்டாப்பை மட்டும் வரிசையில் வைக்கவில்லை. அரிவாள்மணை, மிக்ஸி, ஸ்பேனர் பெட்டி, அவ்வளவுதான். கௌரி பண்டிகைக்கு வந்த ஸ்பூர்த்தியின் தம்பி ருத்ரேஷ் இந்தத் தடவை சேலை கொண்டுவந்திருந்தான், ஒன்று இல்லை, ரெண்டு. எனக்கென்று கொடுத்ததைத்தான் கட்டியிருந்தேன்.

கிண்ணத்தைக் கீழே வைக்கப் போகும்போது ஸ்பூர்த்தி உள்ளேயிருந்து வந்தாள். தாம்பாளத்தில் லேப்டாப். மூடியின் மேல் ஒரு சாமந்தி. விலாப்பக்கம் பார்த்தேன். அந்தச் சின்ன வாய்கள் எல்லாவற்றின் மேலும் வெள்ளை பிளாஸ்திரி. ஒவ்வொன்றையும் அளவெடுத்து வெட்டி, ஒரு இடுக்கு விடாமல் ஒட்டியிருந்தாள். பிளான் வரைகிற கை அல்லவா.

நான் தலை நிமிரவில்லை. போன வருஷமே தெரியும் இவளுக்கு. குச்சியை மோந்து பார்த்தாளே, அப்போதே.

“பெரிசாவே வைங்க அத்தே. நடுவுல.”

வைத்தேன்.

நாளைக்குத் துடைப்பாள். பார்க்கத்தானே போகிறேன்.

6 அக்டோபர், திங்கள்

வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். பொட்டு இன்னும் இருக்கிறது.