அந்தத் திருகைத் தளர்த்தியது நான்தான், அக்கா

என் அன்பு அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், வீட்டிலிருக்கும் பிபி பட்டையை என் இடது கையில் சுற்றிக் காற்றடித்து, ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருந்தேன். கை வெளுத்தது. பிறகு மரத்தது. மூன்றாவது நிமிடத்தில் விரல்கள் என்னுடையவையாக இல்லை. ஆனாலும் ஐந்து நிமிடமும் தாங்க முடிந்தது.

என் தலையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கவில்லையே. ஆபரேஷன் முடிந்த மண்டையோடு நான் படுத்திருக்கவில்லையே. உனக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ போய் எட்டு மாதமாகிறது. அந்தத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கிக்கொண்டிருந்தவள், வரிசையில் நின்ற பெரியவரிடம் "கொஞ்சம் இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு மேசையில் தலை சாய்த்தாயாம். மறுநாள் சென்னையில் ஆபரேஷன். வெடித்த இடத்தை அடைத்துவிட்டார்கள். ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஆபத்து உண்டு, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கலாம், ரத்தம் போதாமல் போகலாம் என்றார்கள்.

அப்போதுதான் அந்த இளம் டாக்டரம்மா ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்ல வந்தார். தொடையில் பட்டை கட்டி ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்துவார்கள், ஐந்து நிமிடம் விடுவார்கள். தினமும் நான்கு சுற்று. ரத்தமில்லாமல் கால் சிறிது நேரம் தவித்தால், உடம்பு அதற்கு எதிராக ஒரு பாதுகாப்பை உண்டாக்கும். அது மூளைக்கும் போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. உறுதியாகத் தெரியாது, அதனால்தான் ஆய்வு என்று ஒளிக்காமல் சொன்னார்.

"இன்னாடி இது, தலைவலின்னு வந்தா கால்ல கட்டு போடறேன்றாங்க?" என்று என்னைப் பார்த்தாய்.

"பயமா இருந்தா வேணாங்கா."

"பயமெல்லாம் இல்லடி. எனக்கு உதவுனா உதவட்டும். இல்லன்னா, உதவாதுன்னாவது அவங்களுக்குத் தெரியட்டும். எவளோ ஒருத்திக்கு இந்த வலியாவது மிச்சம்."

கோணலாக நீயே கையெழுத்துப் போட்டாய்.

நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டாய். ஐந்தாம் நாள், நர்ஸ் காற்றடித்து முடிக்கவும் பக்கத்துப் படுக்கைக்காரர் வாந்தியெடுக்கவும் சரியாக இருந்தது. நர்ஸ் அங்கே ஓடினார். நீ என் முந்தானையைப் பிடித்தாய்.

"விடுடி வசந்தி. காலு வெடிச்சிடும் போல இருக்குடி."

"இன்னும் மூணு நிமிஷம்தாங்கா. எண்ணிக்கோ."

"நீ எண்ணு. என்னால முடியல."

அழுதாய். அப்பா செத்தபோது அழாதவள். பம்பின் திருகைத் தளர்த்திவிட்டேன். அழுத்தம் காட்டும் முள் இறங்கியது, உன் பாதத்தில் நிறம் திரும்பியது, நீ கண்ணை மூடினாய். நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டதும் திருகை இறுக்கி, பம்பை அழுத்தி, முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் நீ கேட்கக்கூட இல்லை. பார்த்தாய், அவ்வளவுதான். நர்ஸ் திரும்பிய நேரமெல்லாம் தளர்த்தினேன்.

அதன் பிறகும் விடாமல் கட்டினார்கள். ஒன்பதாம் நாள் உன் பேச்சு குழறியது. பதினோராம் நாள் நீ இல்லை.

அந்த நிமிடங்களை நான் விடாமலிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? முழுதாகக் கட்டியிருந்தாலும் போயிருப்பாயா? இதற்குப் பதில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நீகூடச் சொல்ல முடியாது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளைத்துவிட்டார். சாயங்காலம் உங்கள் வேங்கிக்கால் வீட்டிலிருந்து நடந்தே எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருகிறார். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "அவ்ளோ வலியையும் பொறுத்துக்கினு ஆராய்ச்சிக்கு உதவிட்டுப் போனா" என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நிற்கிறார்.

நேற்று அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்த டாக்டரம்மா போன் செய்தார்.

"உங்க அக்காவோட பதிவு ரொம்ப சுத்தமா இருக்குங்க மேடம். கடைசி நாள் வரைக்கும் ஒரு சுத்துகூட விடல. இந்த மாதிரி முழுசா எடுத்துக்கிட்டவங்க கம்மி. அடுத்த வாரம் எல்லாருதையும் சேர்த்துப் பாக்கப் போறோம், அதான் நன்றி சொல்லலாம்னு."

"அப்படிங்களா" என்றேன்.

"இன்னாம்மா சொன்னாங்க?" என்றார் மாமா.

"அக்கா நல்லா ஒத்துழைச்சாங்கன்னு சொன்னாங்க மாமா."

"அவ எதுலம்மா அரைகுறையா வுட்டா?" என்று சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய் நின்றுகொண்டேன்.

நான் வாயைத் திறக்காவிட்டால், முழுதாகக் கட்டியும் பிழைக்காதவள் என்று நீ அந்த நோட்டில் இருப்பாய். எத்தனையோ பேரில் நீ ஒருத்தி. உன் ஒரு வரியால் எதுவும் மாறாமலும் போகலாம். ஆனால் உதவாதென்றாவது தெரியட்டும் என்று நீ கொடுத்த இடத்தில், நான் ஒரு பொய்யை வைத்திருக்கிறேன். சொன்னால் மாமாவின் முகம் என்ன ஆகும்? என் வீட்டில் அவர் மறுபடி டீ குடிப்பாரா?

நாளை பௌர்ணமி. மறுநாள் காலை கிரிவலக் கூட்டமெல்லாம் ஊர் திரும்பும், சென்னை பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிப் பார்த்தேன். நின்றுகொண்டே போகிறேன். எந்த நாள், எந்தச் சுற்று என்று டாக்டரம்மாவிடம் நேரில் சொல்லப் போகிறேன். அதற்கு முன், நாளைச் சாயங்காலம், மாமாவிடம். இதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர்கள் இருவரும் கேட்ட பிறகே இந்தக் கடிதத்தைப் பிறர் படிக்கக் கொடுப்பேன்.

ஒன்று மட்டும் உறுதி, அக்கா. நீ கெஞ்சியதால் விட்டேன் என்று உன் மேல் சாய்க்க மாட்டேன். வலித்தவள் கேட்கத்தான் செய்வாள். விட்டவள் நான்.

உன் கூடப் பிறந்த,
வசந்தி