இரண்டாவது சூடு

காஜா பேராங்,
மலாக்கா.
14-9-1958

அன்பு மகன் ஜெயபாலனுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். ஷெஃபீல்டில் குளிர் தொடங்கியிருக்கும். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

சுதந்திரத்தின் முதலாண்டு விழாவை இங்கே நன்றாகக் கொண்டாடினார்கள். என் பழைய மாணவன் தியாகு கொடி பிடித்து ஊர்வலத்தில் நடந்தான். நீ எப்போது திரும்புவாய் என்று கேட்டான். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஆலையில் வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். வாழ்த்துச் சொல்லச் சொன்னான்.

விமானச் சக்கரத்தைத் தாங்கும் எஃகைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குப் புரிந்தது சரியா, பார். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள். சிவக்கக் காய்ந்த எஃகுக்குள் கார்பன் அப்படி. மெதுவாக ஆறவிட்டால் அவரவர் வகுப்புக்கு வரிசையாகப் போய்விடுவார்கள். நுண்ணோக்கியில் பார்த்து நீ வரைந்த முதல் படத்தில் அதுதான் பட்டை பட்டையாகத் தெரிகிறது. சட்டென்று தண்ணீரில் முக்கினால் ஓடியவர்கள் ஓடிய இடத்திலேயே நெருக்கியடித்துச் சிக்கிக்கொள்கிறார்கள். கார்பன் வெளியே வர வழியில்லை. எஃகு முழுவதும் ஊசி ஊசியாக மாறிவிடுகிறது. கடினம் வந்துவிடும், ஆனால் உள்ளே ஒரே இழுபறி.

இவ்வளவு புரிந்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அம்மாவின் அரிவாள்மணை மழுங்கிக் கிடந்தது. அலகைக் கழற்றிக் கரியடுப்பில் சிவக்கக் காய்ச்சி, வாளித் தண்ணீரில் போட்டேன். அரத்தால் தேய்த்தால் அரமே வழுக்கியது. பெருமையோடு குசினி அலமாரியில் வைத்தேன். இளஞ்சூட்டில் மறுபடி காய்ச்ச வேண்டும் என்று நீ எழுதியிருந்ததை நாளைக்குச் செய்யலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அலமாரியில் 'டிக்' என்று ஒரு சத்தம். யாரும் தொடவில்லை. அலகின் குறுக்கே விரிசல்.

"பாடம் நடத்த வேற சாமானே கிடைக்கலியா உங்களுக்கு? இனிமே பூசணிக்காய அரத்தால அறுத்துத் தாங்க" என்றாள் அம்மா. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவள், "அவன் என்னதான் எழுதியிருக்கான்? படிங்க, கேப்போம்" என்றாள்.

அங்கேயே இருக்கப் போகிறவனுக்கு இங்கே அம்மா எதற்கு என்று பங்குனியில் உனக்குக் கோபமாக எழுதிப் போட்டாளே, அதற்குப் பிறகு அவள் உன்னைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

படித்தேன். தண்ணீரில் முக்கிய எஃகை அப்படியே விட்டு வைக்கக் கூடாது. இளஞ்சூட்டில் சிறிது நேரம் வைத்தால் சிக்கிய கார்பன் பொடிப்பொடியாக வெளியே வந்து இறுக்கம் தளரும். கடினம் கொஞ்சம் குறையும், ஆனால் சுமையை உடையாமல் தாங்கும். விட்டு வைத்தால் சில சமயம் தானாகவே வெடித்துவிடும். நீ எழுதியபடியே. அம்மா அந்த ஊசிப் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். "ஒடனே செஞ்சிருக்கணும்" என்றாள். அலகைச் சொன்னாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஜாலான் துக்காங் பெசியில் சீனக் கொல்லரிடம் புது அலகுக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவரை சின்னக் கத்திதான். உன் அறையில் மழை ஒழுகியது, ஓடு மாற்றிவிட்டேன். கட்டிலை நகர்த்தவில்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கமாட்டேன். அது நீ படித்துச் சம்பாதித்தது. ஆனால் பங்குனிக்குப் பிறகு நீ அவளுக்கு ஒரு வரியும் எழுதவில்லை. உன் கடிதங்கள் என் பெயருக்கே வருகின்றன. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் முதலில் வாசலுக்குப் போகிறவள் அவள்தான். மேலே உள்ள பெயரைப் பார்ப்பாள். பிரிக்காமல் என் மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவாள்.

அடுத்த கடிதத்தைத் திருமதி பாக்கியலட்சுமி சேதுராமன் என்று எழுதிப் போடு, ஐயா. எஃகைப் பற்றி ஒன்றும் வேண்டாம். அங்கே என்ன சமைத்துச் சாப்பிடுகிறாய் என்று எழுது, போதும். நாளைக்கு என்று தள்ளிப்போடாதே.

பொய்யாத விநாயகர் உன்னைக் காக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா,
சேதுராமன்