முன்னால் போன வண்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். சின்னவளுக்கு இருமல் விட்டதா, ஈரச் சுவர்ப் பக்கம் அவள் கட்டிலைப் போடாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். நம் குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, நானே சரி செய்தேன், அதனால்தான் ஒழுகுகிறது. டிரைவர் மாமா வண்டியோடு விழுந்து தவறிவிட்டார் என்று மட்டும் அம்மா உன்னிடம் போனில் சொல்லியிருக்கிறாள். மீதியை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் விட்டுவிட்டாள். போனில் சொன்னால் பாதியில் என் குரல் நின்றுவிடும். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் கடைசிவரை போய்ச் சேரும், அதனால் எழுதுகிறேன்.

நானும் டிரைவர் மாமாவும் அந்த மோட்டார் சைக்கிள்களை வாங்கியபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எங்களுக்கு இருபத்தைந்து வயதாக இருந்தபோது பஸ் டெப்போவுக்கு எதிர்க் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் அப்படி ஒரு வண்டி நிற்கும். முன்னால் வட்ட விளக்கு, நிக்கல் பூசின டேங்க், பின்னால் உருண்டையாக ஒரு சிவப்பு விளக்கு. டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆளுக்கொரு சைக்கிளில் வீட்டுக்குப் போவோம். பிறகு கல்யாணம், நீ, வீடு என்று காலம் ஓடிவிட்டது. இப்போது அதே சாயலில் வண்டி செய்து விற்கிறார்கள், பார்த்தால் பழசு, உள்ளே எல்லாம் புதுசு, பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடும். நாங்கள் உள்ளேயும் வெளியேயும் பழசு. கடைக்காரர் முதலில் தாத்தா என்றவர் சுதாரித்துக்கொண்டு சார் என்றார். அங்கே வந்துபோகிற முக்கால்வாசிப் பேர் எங்களை மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருகிற ஆட்கள்தான். அந்த வயதில் காற்றில் பறக்கத் தலைமுடி இருந்தது, வண்டி இல்லை. இப்போது வண்டி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, அணைக்கட்டு வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். முதல் நாளிலிருந்தே அவர், “நீ முன்னாடி போ கண்டக்டரே” என்றார். உனக்குத்தான் தெரியுமே, இருபத்தாறு வருஷம் அவர் ஓட்டின பஸ்ஸில் நான் பின்படிக்கட்டில் நின்று விசில் ஊதினவன். ஒரு நாளாவது முன்னால் போகிற பாக்கியம் கிடைத்ததே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் என் அருமை அவருக்குத் தெரிந்துவிட்டது என்று உன் அம்மாவிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். உன் அப்பனுடைய மூளை அவ்வளவுதான்.

நாலு மாதம் முன்பு ஒரு நாள் எனக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. சாலையை விட்டு இறங்கி, முள்ளும் கல்லும் கிடந்த காட்டுக்குள் ஐம்பதடி போய் ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் அவரும் குதித்துக் குதித்து என் பின்சக்கரத்தை ஒட்டி வந்து நின்றார். நின்றவர், “இந்த ரோட்டை எப்பதான் போடுவானுங்களோ” என்றார். நான் சிரித்தேன், நம் ஆள் நக்கல் அடிக்கிறார் என்று. அவர் சிரிக்கவில்லை. முள் செடி அவர் முழங்காலில் உரசிக்கொண்டிருந்தது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அந்த மரத்தடியிலேயே சொன்னார். கண்ணில் அழுத்தம் ஏறி ஓரமெல்லாம் செத்துவிட்டது, சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் ஒரு வட்டம் தெரிகிறது. அந்த வட்டத்துக்குள் பேப்பர் படிக்க முடிவதால் வீட்டில் அத்தைக்கும் மகனுக்கும் சந்தேகம் வரவில்லை. வண்டியைத் தொடாதே என்று கண் டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. என் வண்டியின் சிவப்பு விளக்கை வட்டத்துக்குள் வைத்துக்கொண்டு அது போகிற இடத்துக்கெல்லாம் வந்திருக்கிறார். நான் கத்தினேன், இனிமேல் ஏறினால் அத்தையிடம் சொல்லிவிடுவேன் என்றேன். அவர் சத்தமே போடாமல், “இருபத்தாறு வருஷம் முன்னாடி இருக்கறத நான் பாத்துக்கிட்டேன், பின்னாடி இருக்கறத நீ பாத்துக்கிட்ட. இப்ப முன்னாடியும் நீயே பாரு. இத விட்டா எனக்குச் சாய்வு நாற்காலிதான் கண்டக்டரே” என்றார். நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதோடு நிற்காமல் ஏற்பாடும் செய்தேன், பிரேக் விளக்கு இரண்டு தரம் மின்னினால் வேகத்தடை, மூன்று தரம் என்றால் திருப்பம். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பார். யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும்.

அவர் விழுந்த ஞாயிறு அணைக்கட்டிலிருந்து திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு கூட்டம் வந்தது. இருபது வண்டி இருக்கும், எல்லாம் எங்கள் வண்டி மாதிரியே, ஓட்டுகிறவர்கள் எல்லாம் எங்களை மாதிரியே. கையை ஆட்டிக்கொண்டு எங்களோடு கலந்து கொஞ்ச தூரம் வந்தார்கள். நானும் பெரிய இவன் மாதிரி கையை ஆட்டினேன். சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் கூட்டமும் பிரிந்தது. நான் நேராகப் போனேன், கண்ணாடியில் பார்த்தேன், வட்ட விளக்கு ஒன்று பின்னால் வந்தது. அவர்தான் என்று நினைத்தேன். இரண்டு மைல் போன பிறகு அந்த வண்டி என்னை முந்திக்கொண்டு போனது, வேறு யாரோ.

அவர் இன்னொரு சிவப்பு விளக்கின் பின்னால் இடப்பக்கம் போயிருந்தார். அது ஒரு மரக்கடைக்காரருடைய வண்டி. அந்த மனிதர் பாவம், தன் வீட்டுக்குத் திரும்பக் கால்வாய்மேல் போட்டிருந்த வாசல் பாலத்தின்மேல் ஏறினார். நம்மவர் அரையடி தள்ளி ஏறினார், அங்கே பாலம் இல்லை, கால்வாய்ச் சுவர்தான் இருந்தது. மரக்கடைக்காரரே தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் நம்மவர் கண் திறக்கவில்லை, அப்படியே போய்விட்டார். அந்த மூன்று நாளும் மரக்கடைக்காரர் என் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து, தெரியாத ஆள் என் பின்னால் ஏன் வந்தார் என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு டிரைவர் மாமாவின் மகன் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டான், மரக்கடைக்காரர் சடக்கென்று பிரேக் போட்டதால்தான் அப்பா விழுந்தார் என்று. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஒரு கீறல் விழாதவர், அவர் மேல் தப்பு இருக்க முடியாது என்பது அவன் கட்சி. அந்தச் சான்றிதழ் அவர்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, உனக்குத் தெரியும். என்னை வந்து சாட்சி சொல்லச் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நல்ல மனிதர் கோர்ட்டுக்கு அலைவார், திறந்தால் போனவருடைய பெயர் போகும், என் யோக்கியதையும் தெரிந்துபோகும். இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் போய் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மகன் வாசலில் நின்றிருந்தான். “கண்ணு தெரியாத மனுசன ரோட்டுல கூட்டிட்டுப் போயிருக்கீங்க மாமா. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க” என்றான். அவன் சொன்னதில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை. உன் அம்மா என்னைத் திட்டவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் திட்டு வாங்காமல் சாப்பிட்டது இந்தப் பத்து நாள்தான்.

நேற்று மத்தியானம் அத்தை வந்தாள். மகனுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “வழி தவறிட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது, இல்லையா அண்ணே? கடைசி வரைக்கும் உங்க பின்னாடிதான் வர்றோம்னு நெனச்சிருப்பாரு.” ஆமாம்மா, அப்படித்தான் நினைத்திருப்பார் என்றேன். அவளுக்கு அது போதும் போலிருந்தது, எழுந்து போய்விட்டாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

என்னைத் தேற்றிப் பதில் எழுதாதே அம்மா. எல்லா நலமும் சேர்ந்து நீங்கள் மூன்று பேரும் நெடுநாள் வாழ வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அத்தைக்குப் போன் போட்டுப் பேசு, மகன் எடுத்தாலும் வைத்துவிடாதே. என் பெயரை மட்டும் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா